சேன் தெனியிலிருந்து சேன் பிலீப் வரை நடக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் வடக்கே சேன் தெனியில் கிளம்பி, மலைகளைக் குறுக்காகக் கடந்து, தெற்கே சேன் பிலீப்பில் இறங்கும் நடைபாதைக்கு ஜி.ஆர். ஆர்2 என்று பெயர். நீளம் சுமார் 130 கிலோமீட்டர். பாரிஸிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இங்கே வரும் நம் சொந்தக்காரர்கள் இந்த எண்ணைக் கேட்டதும், "ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்தால் ஐந்து நாளில் முடிந்துவிடுமே" என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

இந்த மலையில் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். சிலாவோஸ் என்ற மலையூருக்கு மேலே லெ பிளோக் என்ற இடம் சுமார் 1,380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறிப் போகும் கவேர்ன் துஃபூர் விடுதி கிட்டத்தட்ட 2,480 மீட்டரில் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் விரல் நீளம்கூட வராது. நேரில் போனால் மரக்கட்டையும் கல்லும் வைத்துக் கட்டிய படிகள், ஒன்று மாற்றி ஒன்று, மூன்று மணி நேரத்துக்கு மேல். சில படிகளுக்குக் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். மழை பெய்திருந்தால் வழுக்கும். பையோடு ஏறுபவர் மணிக்கு 300 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஓரளவுக்குச் சரியாக வரும்.

இறக்கம்தானே என்று அலட்சியமாகவும் இருக்காதீர்கள். கடைசிப் பகுதியில் எரிமலைக்கு அருகிலுள்ள விடுதியிலிருந்து சேன் பிலீப் பக்கத்து பாஸ் வல்லே வரை 1,500 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். பலருக்கு முழங்கால் போவது அங்கேதான். மொத்தத்துக்கும் பத்துப் பன்னிரண்டு நாள் ஒதுக்குங்கள். அவ்வளவு விடுமுறை இல்லையென்றால் சிலாவோஸோடு நிறுத்திக்கொள்ளலாம். மஃபாத் பள்ளத்தாக்கைப் பார்த்துவிடுவீர்கள், திரும்பி வரப் பேருந்தும் உண்டு.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் டிக்கெட் போடுவது இன்னொரு தவறு. பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்தத் தீவில் அது வெயிலும் மழையும் புயலும் சேரும் காலம். இந்தப் பாதை போகும் ஃபோக் ஃபோக் பகுதியில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உலக சாதனை அது. மே முதல் நவம்பர் வரைதான் நடக்க ஏற்ற காலம். அப்போதும் கிளம்புவதற்கு முந்தின வாரம் எந்தெந்தப் பாதைகள் மூடியிருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். 2025 பிப்ரவரியில் கரான்ஸ் புயல் அடித்தபோது மலைப்பாதைகள் பல மூடப்பட்டன. மண் சரிந்த பாதையில் தடுப்பைத் தாண்டிப் போகவே கூடாது.

ஜூன், ஜூலையில் மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடும். முற்பகலிலேயே மேகம் ஏறிவிடும். நிதானமாகக் காபி குடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பும் பழக்கம் இங்கே ஆகாது. விடியும்போதே பையைத் தூக்குங்கள். தலையில் கட்டும் டார்ச் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும், குழுவுக்கு ஒன்று போதாது.

படுக்கையையும் இரவுச் சாப்பாட்டையும் சேர்த்து முன்பதிவு செய்யுங்கள். போனதும் கேட்டுக்கொள்ளலாம் என்றால் நடக்காது. மஃபாத்துக்குச் சாலையே கிடையாது, சாமான் ஹெலிகாப்டரில்தான் வருகிறது. ஏடிஎம்மும் இல்லை, யூரோ நோட்டாகக் கையில் வைத்திருங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சோறும் பருப்பும் எங்கும் கிடைக்கும், ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் கோழிக் குழம்போ சாசேஜோதான் முன்னால் வரும். அக்டோபரில் கிராண்ட் ரெய்ட் என்ற மலை ஓட்டப்பந்தயம் நடக்கும் வாரத்தில் படுக்கை கிடைப்பது கஷ்டம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஓடை நீர் தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். இந்தத் தீவில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் இருக்கிறது. நீர் வடிகட்டியோ நீரைச் சுத்தம் செய்யும் மாத்திரையோ வேண்டும். எரிமலைப் பக்கம் லாவா மண் மழைநீரை உறிஞ்சிவிடும், ஓடையை நம்ப முடியாது, விடுதியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அப்புறம், வெப்பநாடு என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டு வராதீர்கள். கவேர்ன் துஃபூரில் ஆகஸ்ட் இரவுகளில் உறைபனி விழும்.

ஊர் திரும்பும் விமானத்தை நடை முடியும் அன்றே போடுவது கடைசித் தவறு. விமான நிலையம் தீவின் வடகோடியில் இருக்கிறது. நீங்கள் இறங்குவது தென்கோடியில். கிழக்குக் கடற்கரைச் சாலையை 2007இல் நடந்ததுபோல லாவா வெட்டிவிட்டால், சேன் பியேர் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.