மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வசிக்கும் அறைகளை எண்ணும் முறை

"எத்தனை பெட்ரூம்?" என்று கேட்காதீர்கள், பட்டாசாலை (ஹால்) விடுபட்டுப்போகும். "எத்தனை ரூம்?" என்றால் அடுப்படியும் பாத்ரூமும் சேர்ந்துவிடும். வாசலில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்பதே நல்லது.

வசிக்கும் அறைக்குச் சுவர், நுழைவாசல், கூரை வேண்டும். குறைந்தது 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். அதாவது ஓர் ஆள் பாய் விரித்துப் படுக்கும் இடம். திண்ணை, நடை, சாமான் அறை சேராது. தலை இடிக்கும் மச்சும் அப்படித்தான்.

பிசக வாய்ப்பிருப்பது, ஒரே வளாகத்துக்குள் பல குடும்பங்கள் வசிக்கும் மதுரை வளவு வீடுகளில். ஒரே அறையில் சமைத்து, சாப்பிட்டு, அங்கேயே தூங்கும் குடும்பத்துக்கு அது 1. அடுப்பைப் பார்த்ததும் 0 போட்டால், அந்தக் குடும்பத்துக்கு வசிக்க இடமே இல்லையென்று பதிவாகிவிடும். ஒரே அறையை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்தால், இரு குடும்பங்களுக்கும் 0.