அடுத்த தையில் செம்மறிக் குட்டி விழ வேண்டுமானால் ஆனியிலேயே வேலையைத் தொடங்குங்கள்

போன கார்த்திகையில் ஒரே வாரத்தில் ஏழு குட்டிகளைப் புதைத்தேன். வாலிநோக்கத்துக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் எங்கள் ஊர். செம்மறியில் நாற்பத்திரண்டு பெட்டை, இரண்டு கிடாய். மூன்று நாள் அடைமழை, கூடவே கடல்காற்று. தாய் நக்கி முடிப்பதற்குள் குட்டி மறுபடி நனைந்துவிடும். நோய் நொடி எதுவும் இல்லை, குளிரில் விறைத்தே செத்தன. பக்கத்துப் பட்டிக் கீதாரி (மந்தைத் தலைவர்) பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "மழையக் குறை சொல்லாத தம்பி. ஆனியில கிடாய் எங்க நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

எங்கே நிற்கும்? வருடம் முழுக்க மந்தைக்குள்தான் நின்றது.

இந்த முறை அப்படி விடப்போவதில்லை. என்னென்ன மாற்றப்போகிறேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். புதிதாக இருபது, முப்பது செம்மறி வாங்கிப் பட்டி போட்டிருப்பவர்களுக்கு உதவும்.

1. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், அதாவது ஐந்து மாதம். தமிழ் மாதத்தில் விரல்விட்டு எண்ணினாலே போதும். ஆனியில் சினைபிடித்தால் கார்த்திகையில் குட்டி, ஆவணியில் பிடித்தால் தையில் குட்டி. நம் கரையில் மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் கொட்டுகிறது. தை பிறக்கும்போது தரை காய்ந்திருக்கும், புல் இன்னும் பச்சையாக இருக்கும், நெல் அறுத்த தாளடியும் மேய்ச்சலுக்குத் திறக்கும். எருவுக்காக இரவில் மந்தையை வயலில் அடைக்க, அதாவது கிடை போடச் சொல்லி வயல்காரர்கள் கூப்பிடுவதும் அப்போதுதான்.

என் கணக்கு இது: ஆகஸ்ட் 20 அன்று கிடாயை உள்ளே விடுவது. முதல் குட்டி ஜனவரி 17 வாக்கில் விழும். பெட்டை 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். இரண்டு சுற்றுக்கு 34 நாள். ஒரு நாள் சேர்த்து, செப்டம்பர் 24 அன்று கிடாயை வெளியே எடுத்துவிடுவேன். கடைசிக் குட்டி பிப்ரவரி 21-ஐ ஒட்டி. ஐந்து வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டால் காவல் இருப்பதும் சுலபம், ஒரே வயதுக் குட்டிகளாக விற்பதும் சுலபம்.

இதில் ஓர் இழப்பு உண்டு, மறைக்கவில்லை. கார்த்திகைக் குட்டி பக்ரீத் விற்பனைக்கு ஆகும், தைக் குட்டிக்கு அந்த வயது வராது. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் அந்த நேரத்து விலை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பக்ரீத் வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. 2027-இல் மே நடுவில், அதற்கடுத்த வருடம் மே தொடக்கத்தில். அதைத் துரத்திக்கொண்டு போனால் குட்டி ஈனும் காலம் இன்னும் ஆழமாக மழைக்குள்தான் போகும். ஆகவே ஆறேழு நல்ல கிடாக்குட்டிகளை மட்டும் மறுவருடப் பக்ரீத்துக்கு நிறுத்திவிட்டு, மற்றவற்றை ஆடிக் கோயில் கொடைக்கும் தீபாவளிக்கும் தள்ளிவிடலாம் என்று இருக்கிறேன். புரட்டாசியில் மட்டும் விற்காதீர்கள், கறி தின்னாத மாதம்.

2. உதவாத பெட்டைகளை ஆனி முடிவதற்குள் கழித்துவிடுங்கள்

வாயைத் திறந்து பல் பாருங்கள். எட்டுப் பல்லும் முளைத்துத் தேய்ந்து, இடையில் விழுந்தும் போயிருந்தால் அந்த ஆடு மேய்ந்து இரண்டு உயிரைக் காப்பாற்றாது. மடியைப் பிசைந்து பாருங்கள். கல்லாக இறுகிய பக்கம் பால் தராது. குட்டியை ஏற்காமல் இரண்டு ஈத்து முட்டித் தள்ளியதும் போகட்டும்.

இளம் பெட்டைகளில் அவசரம் வேண்டாம். எங்கள் ராமநாதபுரம் வெள்ளைப் பெட்டைகள் வளர்ந்தபின் 23, 24 கிலோ நிற்கும். 16 கிலோவாவது எட்டாத குட்டியை இந்த வருடம் கிடாயிடம் விடமாட்டேன்.

3. கிடாயைப் பிரித்துக் கட்டுங்கள்

எனக்குப் பெரிய மாற்றம் இதுதான். ஆனி தொடக்கத்திலேயே இரண்டு கிடாயையும் பிரித்தாக வேண்டும். பிரிப்பதென்றால் நாலு அடி தள்ளிக் கட்டுவதல்ல. கண்ணில் படக்கூடாது, வாடையும் எட்டக்கூடாது. நம் ஊரில் ஆடிக்காற்று தென்மேற்கிலிருந்து அம்மியைத் தூக்குகிற வேகத்தில் அடிக்கும். ஆகவே பெட்டைகளுக்கு வடகிழக்கே, காற்று போகிற பக்கமாகக் கிடாயைக் கட்டுங்கள். இடமே இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சொந்தக்காரர் தோப்பு. நான் மச்சான் தோட்டத்தில் பேசி வைத்திருக்கிறேன், கூலியாக ஒரு லோடு எரு.

இதில் ஒரு ஆதாயமும் உண்டு. ஒரு மாதம் கிடாய் வாடையே இல்லாமல் இருந்த பெட்டைகள், திடீரென்று கிடாயைக் கண்டதும் பல ஒன்றாகப் பருவத்துக்கு வரும்.

கிடாய்க்குத் தீவனத்தை இரண்டு மாதம் முன்பே கூட்ட வேண்டும். விந்து உருவாகவே ஏழு வாரம் போல ஆகும். கடைசி வாரத்தில் கொட்டுகிற கொள்ளு அந்தப் பருவத்துக்கு உதவாது. விரை இரண்டும் ஒரே அளவாக, அழுத்தினால் திமிறிக்கொண்டு இருக்கிறதா, குளம்பு சரியா என்றும் பாருங்கள். 25 பெட்டைக்கு ஒரு கிடாய் போதும். இரண்டு வருடம் நின்ற கிடாயை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அது தன் மகள்களையே சினையாக்கும்.

4. முதுகைத் தொட்டுப் பாருங்கள்

ஆடி பாதியில் ஒவ்வொரு பெட்டையையும் பிடித்து, கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்புக்கு மேல் தண்டெலும்பில் கையை வையுங்கள். கத்தி முனை மாதிரி குத்தினால் ஒட்டிப்போயிருக்கிறது. எலும்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் மழுங்கலாக. அழுத்தித் தேடித்தான் எலும்பு கிடைக்கிறதென்றால் கொழுப்பு அதிகம்.

ஒட்டிய ஆடுகளுக்குக் கிடாய் விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து தினம் 200 கிராம் கூடுதல் தீவனம். என் கலவை: உடைத்த கம்பு, தவிடு, கடலைப் புண்ணாக்கு, கால் பங்குக்கு மேல் போகாமல் சீமைக்கருவேலங்காய்ப் பொடி. காய் சும்மா கிடைக்கிறது, சித்திரை வைகாசியில் பொறுக்கிக் காயவைத்தாலே போதும். பொடித்துத்தான் போடுங்கள். முழுசாகப் போட்டால் விதை புழுக்கையோடு வெளியேறி, கிடை போட்ட வயலெல்லாம் கருவேலம் முளைக்கும். அப்புறம் வயல்காரர் நம்மைக் கூப்பிட மாட்டார்.

குடற்புழு மருந்தும் இந்த நேரத்தில்தான், கிடாய் விடுவதற்கு முன்பே. அல்பெண்டசோல் போன்ற மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் கருவுக்குக் கேடு. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரித் தடுப்பூசிகளுக்கு உங்கள் கால்நடை மருந்தகத்தில் இப்போதே பெயர் கொடுத்துவையுங்கள். துள்ளுமாரி ஊசியை ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன் தாய்க்குப் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு போகும். நம் கணக்குக்கு அது டிசம்பர் கடைசி.

5. மார்பில் காவி பூசுங்கள்

காவிப்பொடியை விளக்கெண்ணெயில் குழைத்துக் கிடாயின் மார்பில் அப்புங்கள். ஏறிய பெட்டையின் பின்புறத்தில் சிவப்பு ஒட்டும். தினமும் காலையில் புதிதாகச் சிவந்த ஆட்டின் அடையாளத்தைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். 17 நாள் கழிந்ததும் காவிக்குப் பதில் கரிப்பொடி. சிவப்போடு நின்றுவிட்டது சினை. சிவப்பின் மேல் கறுப்பும் ஏறியது முதல் சுற்றில் நிற்கவில்லை. பாதிக்கு மேல் கறுப்பாகிவிட்டால் கோளாறு கிடாயில்தான், உடனே வேறு கிடாய் தேடுங்கள்.

6. மார்கழித் தீவனமும் பட்டியும்

வயிற்றுக் குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான் கூடுகிறது. அப்போது வெளியே பச்சை நிறையத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். மழைப்புல் முக்கால்வாசி தண்ணீர். பழைய 200 கிராம் கலவையைத் திரும்ப ஆரம்பியுங்கள். குடிக்க நல்ல தண்ணீரும் வேண்டும். கிணறு உவர்ப்பாக இருந்தால் ஆடு பாதி வயிறுதான் குடிக்கும், மணல் ஊற்றிலிருந்தாவது எடுத்து வையுங்கள்.

பட்டித் தரையை ஐப்பசிக்கு முன்பே கடல் மணல் கலக்காத ஆற்றுமணலோ தோட்ட மணலோ போட்டு ஓரடி உயர்த்துங்கள். தையில் மழை இல்லாவிட்டாலும் பனி உண்டு. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. வடக்கும் கிழக்கும் பனையோலைத் தட்டி, மேலே கூரை, குட்டிகள்மேல் கவிழ்த்து மூட நாலைந்து குடாப்பு (பெரிய கூடை).

7. குட்டி விழுந்த இரவு

தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் தொடுங்கள். தாய் நக்கட்டும், அவசரப்பட்டுத் துடைக்காதீர்கள். பிறகு குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரலை விடுங்கள். சூடாக இருந்தால் சரி. குளிர்ந்திருந்தால் அது போய்க்கொண்டிருக்கிற குட்டி. காய்ந்த சாக்கில் தேய்த்து, கணப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றிவிட்டுத்தான் பால். விறைத்த குட்டிக்கு வாயில் ஊற்றினால் புரையேறிச் சாகும். போன கார்த்திகையில் ஒன்றை நான் அப்படித்தான் விட்டேன்.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டரைக் கிலோ குட்டிக்குக் கால் லிட்டர். காம்பின் நுனியில் மெழுகு மாதிரி ஒன்று அடைத்திருக்கும். இரண்டு பீச்சு பீச்சி அதை எடுத்துவிட்டுக் குட்டியை விடுங்கள். பால் இறங்குகிறதா என்று இருட்டில் தெரியாது. குட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். வால் படபடவென்று ஆடினால் பால் வருகிறது. வால் சும்மா தொங்கினால் காம்பை மறுபடி பீச்சிப் பார்க்க வேண்டும்.