ஏலக்காய்க் கணக்கும் பைத்தானும்: ஃபைலைப் படிக்கும்போது வரும் பிழைகளுக்குத் தீர்வு

கம்பம், குமுளி பக்கம் ஏலக்காய் வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் பைத்தான் நிரல்மொழி படிக்க ஆரம்பித்ததும் கையில் எடுப்பது வீட்டுக் கணக்கைத்தான். எக்செல்லில் இருக்கும் எடைச் சீட்டை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) மாற்றி, ஊர்வாரியாகக் கூட்ட வேண்டும். நல்ல பயிற்சி. ஆனால் பாடங்களில் வரும் ஃபைல்களில் ஆங்கிலப் பெயர்களும் சுத்தமான எண்களும்தான் இருக்கும். நம் சீட்டில் தமிழ் இருக்கும், மலையாளம் இருக்கும், "1,25,000" என்று காற்புள்ளி போட்ட தொகையும் இருக்கும். என்னிடம் வரும் கேள்விகளில் முக்கால்வாசிக்குக் காரணம் இந்த ஃபைல்தான்.

பைத்தான் நிறுவுவதை விளக்கப் போவதில்லை. புதியவர்கள் தோனி என்ற எடிட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். பைத்தானும் அதனோடு சேர்ந்தே வருவதால், பைத்தான் எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் பாத் தொல்லை கிடையாது. விஎஸ் கோடு நல்ல கருவிதான், ஆனால் முதல் மாதத்துக்கு வேண்டாம். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

1. பிழைச் செய்தியைக் கீழிருந்து படியுங்கள்

சிவப்பு எழுத்தில் பத்து வரி வந்தால் கடைசி வரியை முதலில் பாருங்கள். பிழையின் பெயர் அங்கேதான் இருக்கும். அதற்குச் சற்று மேலே உங்கள் ஃபைலின் வரி எண் இருக்கும். இந்த இரண்டையும் அனுப்பாமல் "அண்ணே, ஓட மாட்டேங்குது" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது.

2. யூனிகோட் டீகோட் எரர்

சீட்டின் முதல் தலைப்பு "பெயர்", 3ஆம் பகுதியில் சொல்லும் அடையாளக் குறி ஃபைலில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் ஓப்பன் கட்டளைக்கு ஃபைல் பெயரை மட்டும் கொடுத்துப் படித்தால், 'சார்மேப்' கோடெக்கால் (பைட்டை எழுத்தாக்கும் அட்டவணை) 0எக்ஸ்8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை, இடம் 14 என்று நின்றுவிடும்.

அந்த 14 எங்கிருந்து வருகிறது? யூனிகோட் எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ப, எகரக் கொம்பு, ய, ர, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், மொத்தம் 15 பைட். எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் கடைசி பைட்டின் இடம் 14. அதாவது சிக்கியது "ர்" மேல் இருக்கும் புள்ளி. பைத்தான் இங்கே யூடிஎஃப்-8க்குப் பதில் விண்டோஸின் பழைய 1252 அட்டவணையை வைத்துப் படிக்கிறது. அந்த அட்டவணையில் 8டி என்ற இடம் காலி. ஏகாரத்தின் கடைசி பைட்டான 8எஃப்பும் காலி. ஆகவே "ஏலக்காய்" முதல் எழுத்திலேயே நின்றுவிடும்.

இதைவிட ஆபத்தானது "தேயிலை". அதில் காலி இடத்தில் விழும் பைட் ஒன்றுகூட இல்லை. பிழையே வராமல் குப்பை எழுத்தாக உள்ளே போய், கணக்கிலும் ஏறிவிடும்.

தீர்வு: ஓப்பன் அடைப்புக்குள் என்கோடிங் என்பதற்கு "யூடிஎஃப்-8-சிக்" (கடைசியில் எஸ், ஐ, ஜி) என்று கொடுங்கள். பைத்தான் 3.15இலிருந்து யூடிஎஃப்-8 இயல்பாகவே வரும் என்று முடிவாகியிருக்கிறது. இருந்தாலும் எழுதுங்கள், எல்லார் கணினியிலும் புதிய பதிப்பு இருக்காது.

3. தலைப்பு கண்ணுக்குத் தெரிகிறது, பைத்தானுக்குத் தெரியவில்லை

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது இந்த இடம்தான். வெறும் "யூடிஎஃப்-8" என்று கொடுத்து, தலைப்பைச் சொல்லித் தகவலை எடுக்க உதவும் டிக்ட்ரீடரில் படித்து, "பெயர்" என்ற பத்தியை (நெடுவரிசையை) கேட்டால், அப்படி ஒரு தலைப்பே இல்லை என்று கீ எரர் வருகிறது. பிரின்ட் செய்தால் தலைப்பு சரியாகவே தெரிகிறது.

எக்செல் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று சேமிக்கும்போது ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறியை வைக்கிறது. அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது பத்தியான "எடை" ஒழுங்காக வேலை செய்யும், முதல் பத்தி மட்டும் முரண்டு பிடிக்கும். இப்படி நடந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம். தலைப்பை, மறைந்திருக்கும் குறிகளையும் காட்டும் ரெப்ர் (ஆர், இ, பி, ஆர்) கட்டளைக்குள் போட்டுப் பிரின்ட் செய்தால் முன்னால் "யூஎஃப்இஎஃப்எஃப்" ஒட்டியிருப்பது தெரியும். மேலே சொன்ன "சிக்" சேர்த்த பெயர் இதை நீக்கிவிடும். குறி இல்லாத ஃபைலையும் அதே பெயரில் படிக்கலாம்.

எழுதும்போதும் அதையே கொடுங்கள், எக்செல் தமிழை ஒழுங்காகத் திறக்கும். நியூலைன் என்பதற்கு வெற்று மேற்கோளும் கொடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் வரிக்கு வரி ஒரு காலி வரி விழும்.

எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமிக்கவே சேமிக்காதீர்கள். தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். மூல ஃபைல் இல்லையென்றால் அதை மீட்க வழியில்லை.

4. 12ம் 8ம் 128

சிஎஸ்வியிலிருந்து வருவது எல்லாமே சரம், அதாவது எண்ணாக இருந்தாலும் பைத்தானுக்கு அது வெறும் எழுத்து. பைத்தான் 3இல் மாறியின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், தட்டிப் பாருங்கள்:

காலை = "12"
மாலை = "8"
காலை + மாலை

20 கிலோ வர வேண்டிய இடத்தில் 128 வரும். ஃப்ளோட் போட்டு எண்ணாக்குங்கள். "1,25,000" என்றால் ஃப்ளோட் வேல்யூ எரர் கொடுக்கும். முதலில் ரீப்ளேஸ் கொண்டு காற்புள்ளியை எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

5. சின்னச் சின்ன விஷயங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த நிரலை அப்படியே ஒட்டாதீர்கள். வழியில் நேர் மேற்கோள் எங்காவது வளைந்த மேற்கோளாக மாறியிருந்தால் சின்டாக்ஸ் எரர்தான். டேபும் ஸ்பேஸும் கலக்காதீர்கள்; நான்கு ஸ்பேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைலுக்கு "சிஎஸ்வி.பை" என்று பெயர் வைக்காதீர்கள். வைத்தால், இம்போர்ட் செய்யும்போது பைத்தான் தன்னுடைய சிஎஸ்வியை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே எடுத்துக்கொள்ளும்.

பின்னால் சேர்த்தது: ஒரே ஊர் இரண்டு முறை வருகிறது

கூட்டுத்தொகையில் "போடி" இரண்டு வரிகளாக வருகிறது என்று படித்தவர் ஒருவர் கேட்டிருந்தார். "போ" என்பதை இரண்டு விதமாக எழுத முடியும்: பகரத்தோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. பார்வைக்கு ஒன்றுதான். குறியீடுகளை எண்ணும் லென் போட்டால் ஒன்றுக்கு 4, மற்றதற்கு 5. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் இருக்கும் நார்மலைஸ் கட்டளைக்கு "என்எஃப்சி" (இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் முறை) என்று கொடுத்து, ஒப்பிடும் முன் எல்லாப் பெயர்களையும் அதன் வழியாக அனுப்புங்கள்.

குமுளியிலிருந்து இன்னொருவர், மலையாளத்தில் எழுதிய மூணாறுக்கு இது பலிக்கவில்லை என்றார். அவர் சொன்னது சரி. மூணாறின் கடைசியில் வரும் சில்லெழுத்துக்கு (உயிர் சேராமல் தனி வடிவத்தில் நிற்கும் மலையாள மெய்) 2008இல் வந்த யூனிகோட் 5.1இல் தனிக் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய முறையில் அது ரகரம், சந்திரக்கலை (நம் புள்ளி போன்றது), கண்ணுக்குத் தெரியாத இணைப்பி என்று மூன்று குறியீடு. என்எஃப்சி இவை இரண்டையும் ஒன்றாகக் கருதாது. ரீப்ளேஸ் கொண்டு பழைய மூன்றையும் புதிய ஒன்றாக நீங்களே மாற்ற வேண்டும். உங்கள் ஃபைலில் எது இருக்கிறது என்று தெரிய, அந்தச் சொல்லை ஆஸ்கி கட்டளைக்குள் போட்டுப் பிரின்ட் செய்யுங்கள்: கடைசியில் 0டி7சி இருந்தால் புதியது, 200டி இருந்தால் பழையது.