இணையத்தில் வரன் பார்க்கும் செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை, பெண்ணின் ஜாதகத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஏதேனும் ஒரு கல்யாண வீட்டு முகப்பில் போய் உட்கார்ந்தாலே வரன் தேடல் தொடங்கிவிடும். எந்த வீட்டில் கல்யாண வயதில் பையன் இருக்கிறான், அவன் எந்தக் கோயிலைச் சேர்ந்தவன், அவனுடைய ஆயா (தாய்வழிப் பாட்டி) வீடு எந்த ஊர் என்பதையெல்லாம் பந்தியில் இலை போடுவதற்குள் சொல்லிவிடக்கூடிய ஆச்சிமார் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இன்று அந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே கதவு திறக்கிறது. ஆச்சிமாரின் நினைவில் இருந்த அந்தப் பட்டியலைத்தான் திருமண இணையதளங்களில் இப்போது தேடுகிறோம். அங்கே அது பாதியளவே கிடைக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

இணையத்தில் வரன் பார்ப்பது வடக்கிலிருந்து வந்த பழக்கம் என்று சொல்லும் பெரியவர்கள் இங்கே உண்டு. அது முழுக்கச் சரியன்று. பாரத் மேட்ரிமோனி என்ற திருமண இணையதளத்தைத் தொடங்கிய முருகவேல் ஜானகிராமன், 1997இல் அமெரிக்காவில் இருந்தபடி தமிழர்களுக்கென நடத்திய இணையதளத்தின் ஒரு பகுதியாகவே வரன் பக்கத்தை ஆரம்பித்தார். தமக்கு மனைவி அமைந்ததும் அதன் வழியாகத்தான்.

சேர்வதா, வேண்டாமா

தயங்குகிறவர்கள் சொல்லும் காரணங்களில் இரண்டை நான் மதிக்கிறேன். பெண்ணின் புகைப்படம் முகம் தெரியாதவர்களின் கைபேசிகளில் சுற்றும் என்பது ஒன்று. நெடுநாள் அதே பக்கத்தில் கிடக்கும் வரனை, “ஏன் இன்னும் அமையவில்லை?” என்று பார்க்கிறவர்கள் கேட்கத் தொடங்குவார்கள் என்பது மற்றொன்று. “கடையில் சரக்கு வைப்பது போல” என்ற மூன்றாவது காரணத்தை நான் ஏற்பதில்லை. கல்யாண வீட்டு முகப்பில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

மறுமணம் தேடுகிறவர்கள் மட்டும் தயங்காமல் சேரலாம் என்பது என் கருத்து. முதல் கல்யாணத்துக்கு ஓடி ஓடி உதவிய அதே உறவினர்கள், கணவரை இழந்த பெண்ணுக்கோ விவாகரத்துப் பெற்றவருக்கோ வரன் பார்க்கும்போது குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். தம் நிலையைத் தாமே எழுதி, அதற்குச் சம்மதமானவர்களிடம் மட்டும் பேச முடிவது அவர்களுக்குப் பெரிய விடுதலை.

எழுதும்போது விடக் கூடாதவை

என் உடன்பிறந்த ஆச்சியின் (அக்காளின்) மகளுக்கு நான்தான் ஒரு தளத்தில் பதிவு செய்து கொடுத்தேன். சென்னையிலிருந்து நல்ல வரன் ஒன்று வந்தது. ஜாதகம் பொருந்தியது, படிப்பும் பொருந்தியது. மூன்று வாரம் தொலைபேசியில் பேசிப் பெண் பார்க்க நாளும் குறித்த பிறகு, பையனின் அப்பத்தா தொலைபேசியை வாங்கி, “அது கிடக்கட்டும், நீங்கள் எந்தக் கோயில்?” என்று கேட்டார். இரு வீட்டாரும் மாத்தூர்க் கோயில், பிரிவும் ஒன்றே. ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளிகள்; அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. பங்காளி வீட்டில் சம்பந்தம் பேசியிருக்கிறோம்! அந்தத் தளத்தின் படிவத்தில் ‘கோத்திரம்’ என்ற ஒரு கட்டம்தான் இருந்தது; நானும் அந்தப் பையனும் தனித்தனியே ‘தெரியாது’ என்று தெரிவு செய்திருந்தோம்.

ஆகவே, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பமானால், ‘என்னைப் பற்றி’ என்ற பகுதியின் முதல் வரியிலேயே உங்கள் குடும்பம் சேர்ந்த நகரக் கோயிலை எழுதிவிடுங்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பதில் எது என்று சொல்வதோடு, உட்பிரிவு உள்ள கோயிலானால் பிரிவின் பெயரையும் சேர்க்க வேண்டும். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் உடன்பிறந்தவர்களாகக் கருதப்படுவதால் அவற்றுக்கிடையே பெண் கொடுப்பதோ எடுப்பதோ வழக்கமில்லை. எந்தத் தளத்தின் கணக்குப்பொறிக்கும் இது தெரியாது.

அடுத்தது விலாசம். பாட்டனார், முப்பாட்டனார் பெயர்களின் முதலெழுத்துகள் அடுக்கி வரும் நம் விலாசத்தை ஆங்கிலப் படிவம் சிதைத்துவிடும். ‘ராம’ என்பதும் ‘ருத்’ என்பதும் வெறும் ‘ஆர்’ ஆகிவிட, எந்த வீடு என்று யாராலும் சொல்ல முடியாமல் போகிறது. விலாசத்தைத் தமிழில் எழுதி, சொந்த ஊரைச் சேருங்கள். ‘சிவகங்கை மாவட்டம்’ என்று மட்டும் போட்டால் போதாது. பிள்ளை கூட்டப்பட்டவரானால் (தத்தெடுக்கப்பட்டவரானால்) பிறந்த வீடு, வந்த வீடு இரண்டையும் குறிப்பிடுங்கள், ஏனெனில் இரத்த உறவு பிறந்த வீட்டின் வழியே நிற்கிறது. வீட்டு எண், தொலைபேசி எண், பணியிட முகவரி ஆகியவற்றை மட்டும் பொதுப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பொருத்தம் பார்க்கையில்

தளம் தானே கணித்துக் காட்டும் மதிப்பெண்ணை வைத்து ஒரு வரனை ஒதுக்கிவிட வேண்டாம். சில தளங்கள் வடநாட்டு முறைப்படி 36 குணங்களுக்குக் கணக்கிடுகின்றன. நம் ஜோதிடர் தினம், கணம் தொடங்கி ரஜ்ஜு, வேதை வரை பத்துப் பொருத்தம் பார்க்கிறார். மேலும், கணினி பெரும்பாலும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பின்பற்ற, வீட்டு ஜாதகம் வாக்கியப் பஞ்சாங்கப்படி எழுதப்பட்டிருக்கலாம். நட்சத்திரம் மாறும் நேரத்தை ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு இவ்விரண்டும் வெவ்வேறு நட்சத்திரத்தைக் காட்டக்கூடும். வீட்டில் உள்ள ஜாதகத்தைப் படமெடுத்து அனுப்பி, எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

விசாரிப்பு

இணையத்தில் வந்த வரனை இணையத்திலேயே விசாரித்து முடிப்பதுதான் பெரும் பிழை. 2016 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், பதிவு செய்கிறவரின் அடையாளச் சான்றைத் தளங்கள் சரிபார்க்க வேண்டும் என்கிறது. ஆனால் பெயர் உண்மையாக இருப்பதால் சம்பளமும் குணமும் உண்மையாகிவிடாது.

நம் பகுதியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கல்யாணத்தின்போது இரு வீட்டாரின் நகரக் கோயில்களிலிருந்தும் மாலை வருவதும், மணமானவர் அக்கோயிலில் ‘புள்ளி’யாக, அதாவது தனிக் குடும்பமாக, கணக்கில் ஏறுவதும் வழக்கம் என்பதால், ஒரு வீட்டைப் பற்றிக் கோயில் வழியாகக் கேட்டறிவது எளிது. விலாசத்தைச் சொல்லி அந்த ஊர்ப் பங்காளிகள் ஒருவரிடமும், தாய்வழி அறிய ஆயா வீட்டு ஊரில் ஒருவரிடமும் கேளுங்கள். பையன் வெளிநாட்டில் இருந்தால், அதே நகரில் இருக்கும் நம்மவர் ஒருவரை நேரில் போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள். விசா எந்த வகை, எப்போது முடிகிறது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நகரத்தார் அல்லாத குடும்பங்களும் குலதெய்வக் கோயில் பங்காளிகள் வழியாகவோ ஜமாஅத் வழியாகவோ பங்குக் கோயில் வழியாகவோ இவ்வாறே விசாரிக்கலாம்.

பணம் பற்றி

பேசத் தொடங்கிய சில நாள்களிலேயே, பரிசு அனுப்பியிருக்கிறேன், அது விமான நிலையச் சுங்கத்தில் நிற்கிறது, கட்டணம் கட்டி எடுத்துக்கொள் என்று ஒருவர் சொன்னால், அது பழகிப்போன மோசடி. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதம் கூடக் கூடப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும். சீர் இவ்வளவு வேண்டும் என்று யாரேனும் குறுஞ்செய்தியில் கேட்டால் அதை அழிக்காமல் வைத்திருங்கள். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி கேட்பதே குற்றம். தளத்துக்குக் கட்டும் சந்தாவை மூன்று மாதத்துக்கு மேல் முதலில் எடுக்காதீர்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் அணைத்துவிடுங்கள்.

பேசி முடித்த அன்றே பதிவை நீக்குவது நம்மில் பலர் மறக்கும் வேலை. ‘மறைத்து வை’ என்ற தெரிவும் ‘நீக்கு’ என்ற தெரிவும் வேறு வேறு. முதலில் புகைப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பிறகு இரண்டாவதையே அழுத்திக் கணக்கை மூடுங்கள். என் ஆச்சி மகளுக்குக் கல்யாணமாகி, இரு கோயில் மாலையும் வந்து, அவள் புருசன் வீட்டுக்குப் போய் நான்கு மாதம் கழிந்த பிறகும், “தங்கள் மகளுக்கு இன்று ஏழு புதிய வரன்கள்” என்று எனக்குக் குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது.