திருகோணமலைச் சீனக்குடா உப்புக்காத்தில சின்னப் பிளேன் வச்சிருக்கிறவைக்கு

கடல்காத்து அலுமினியத்தை அரிச்சுப்போடும், அதால செஸ்னா 172 மாதிரி பிளேனை அடிக்கடி நல்ல தண்ணியால கழுவுங்கோ, பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம், பேரிங்குக்குள்ள போய் கிறீஸைக் கழுவிப்போடும். பிளேன்ட வேகத்தை அளக்கக் காத்தை வாங்கிற பிட்டோ குழாய்க்கு உறை போடாட்டி குளவி மண்கூடு கட்டும், பிறகு ஸ்பீட் மீற்றர் பொய் சொல்லும், அதுக்காக வாயால ஊதிப்போடாதேங்கோ, மீற்றரே பழுதாகும்.

விடிய முதல் பறப்புக்கு முன்னம் டாங்குக்குக் கீழ வால்வை அமத்தி கண்ணாடிக் கப்பில கொஞ்சம் எரிபொருள் எடுத்து வெளிச்சத்தில பிடியுங்கோ. 100 எல்எல் எண்ட சின்னப் பிளேன் பெற்றோல் எண்டா இளநீலம், தண்ணி அடியில உருண்டு நிக்கும். கப் முழுக்க நிறமில்லையெண்டா சந்தோசப்படாதேங்கோ, முழுக்கத் தண்ணியாவும் இருக்கலாம், மணந்து பாருங்கோ.

புது ரேடியோ ஆசையெண்டா லைசன்ஸ் உள்ள இஞ்சினியர்தான் பூட்டி லொக்புக்கில ஒப்பம் வைக்கவேணும், பிளேன்ட எடைக்கணக்கையும் திருப்பிப் போடவேணும்.