பில் என்றால் எந்த பில்? துறைமுகப் பக்கம் நடக்கும் தவறுகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்துப் பிள்ளைகள் பலர் படிப்பு முடிந்ததும் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸைச் சுற்றியுள்ள கிளியரிங் ஆபீஸ்களில்தான் (ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் ஆபீஸ்கள்) வேலைக்குச் சேர்கிறார்கள். சேர்ந்தவுடன் குழப்புகிற சொல் பில். மளிகைக் கடையில் பில் என்றால் கட்ட வேண்டிய பணம். அந்த ஆபீஸில் பாதி பில்களுக்கும் பணம் கேட்கிற வேலையே கிடையாது.

ஷிப்பிங் பில்லைக் கப்பல் கம்பெனி அனுப்பும் கட்டணச் சீட்டு என்று நினைத்து, "எவ்வளவு சார் ஆச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. அது ஏற்றுமதி செய்பவர் சுங்கத்துறைக்குத் தரும் அறிவிப்பு. ஜிஎஸ்டி ரீஃபண்டுக்கான விண்ணப்பமாகவும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இன்வாய்ஸ் எண்ணை ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஒரு மாதிரியும் இதில் வேறு மாதிரியும் போட்டால் ரீஃபண்ட் அப்படியே நின்றுவிடும். ஒரு கோடு, ஒரு சுழியம் மாறினாலே போதும்.

இறக்குமதி செய்பவர் சுங்கத்துறைக்குத் தரும் அறிவிப்பு பில் ஆஃப் என்ட்ரி. சரக்கு வந்து சேரட்டும், அப்புறம் போடலாம் என்று இருக்கக் கூடாது. பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளே தாக்கல் செய்துவிட வேண்டும். தாமதமானால் முதல் 3 நாளைக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்குப் பிறகு தினம் 10,000.

எல்லாவற்றையும் விடக் கவனமாகக் கையாள வேண்டியது பில் ஆஃப் லேடிங், ஆபீஸ் பேச்சில் பி.எல். சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது அது. சரக்கின் உரிமைப் பத்திரமும் அதுவே. வழக்கமாக 3 ஒரிஜினல் போடுவார்கள். ஒன்றைக் கொடுத்து சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. 'டு ஆர்டர்' என்று போட்ட பி.எல்.லைப் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு மாற்றலாம் என்பதால், மேஜையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். விமானச் சரக்குக்குத் தரும் ஏர்வே பில்லும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அதை வைத்து உரிமையை மாற்ற முடியாது.

ஈ-வே பில் லாரிக்கானது, சரக்கைக் கொண்டுபோக ஜிஎஸ்டி விதிப்படி ஆன்லைனில் எடுக்கும் சீட்டு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், வெளி மாநிலத்துக்கு 50,000க்கு மேற்பட்டதற்கும் வேண்டும். சாதாரண லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் கெடு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கிற நேரமும் அதற்குள்தான் அடக்கம். கெடு முடியப் போகிறது என்றால், முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து முடிந்த பின் 8 மணி நேரம் வரை நீட்டிக்கலாம்.