நத்தார் மரத்துக்குச் சவுக்கங்கொப்பு

நத்தார் மரத்துக்கென்று யாழ்ப்பாணத்தில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கன்று தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் நிற்பது குளிர்நாட்டு மரம். நமக்குக் கிட்ட இருக்கும் சொந்தக்காரர் இமயமலை ஸ்புரூஸ். அதுவும் ஆப்கானிஸ்தானில் இருந்து நேபாளத்தின் நடுப்பகுதி வரை, 2,400 மீற்றருக்கு மேலே, பனி விழும் சரிவுகளில் வளர்வது. 50 மீற்றர்கூடப் போகும். அங்கே வீட்டு மரவேலைக்கும் பெட்டி அடிக்கவும் அதை அறுக்கிறார்கள். கடல்மட்டத்தோடு கிடக்கும் நம் ஊர் வெக்கையில் அது பிழைக்காது.

அந்த மரத்தின் அழகே சிறுகொப்புகள் கீழே தொங்குவதுதான். அந்தச் சாயல் நம்முடைய சவுக்கில் இருக்கிறது. அம்மா காலத்தில் இருந்தே எங்கள் வீட்டில் சவுக்குத்தான்.

காரைநகர்க் கடற்கரைச் சவுக்குகளில் கை வைக்காதீர்கள், அவை மணலைப் பிடித்து வைத்திருப்பவை. வளவில் சவுக்கு நிற்கும் யாரிடமாவது கேளுங்கள். நுனி கூம்பாக உள்ள, ஐந்தடிக் கொப்பு போதும். 23ஆம் திகதி பின்னேரம் வெட்டுங்கள். மாதம் பிறந்ததும் வெட்டினால் நத்தாருக்கு முன்பே வெளிறிவிடும்.

அடியைச் சரிவாகச் சீவி, இரவு முழுக்கத் தண்ணீர் வாளியில் நிறுத்துங்கள். காலையில் வேறு வாளியில் நடுங்கள்: அடியில் கல், பிறகு கொப்பு, சுற்றிலும் ஈரமணல். மணலைக் குத்திக் குத்தி இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூனை ஒரு தட்டுத் தட்டினாலே மரம் கவிழும். தினமும் ஒரு குவளை தண்ணீர். பெரும்பாலும் ஒரு பக்கம் மொட்டையாக இருக்கும். அதைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள், அல்லது மிச்சக் கிளைகளைக் கட்டுக்கம்பியால் சேர்த்துக் கட்டுங்கள்.

இனிச் சோடனை. சவுக்கில் ஊசி மாதிரித் தெரிவது இலை அல்ல, மெல்லிய பச்சைக் கிளை. உண்மையான இலை அதன் கணுக்களில் பல்லுப் பல்லாக ஒட்டியிருக்கும். இழுத்தால் அந்தப் பச்சைக் கிளை கணுக்கணுவாகக் கழன்றுவிடும். ஆகவே பாரமான கண்ணாடிக் குண்டுகள் வேண்டாம், தொங்கவிடுவதை எல்லாம் முற்றிக் கெட்டியான தண்டில் கட்டுங்கள். 90களில் கரண்ட் இல்லாத நத்தார்களுக்கு நாங்கள் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைத் தீப்பெட்டிகளில் சுற்றித் தொங்கவிட்டோம். இன்றைக்கும் எனக்குக் கடைச் சாமானை விட அதுதான் பிடிக்கும். சின்னக் காய்கள் இருந்தால் பிடுங்காதீர்கள், ஸ்புரூஸ் காயின் குட்டி மாதிரி இருக்கும். பஞ்சு வைப்பது உங்கள் விருப்பம், எனக்கு அது மருந்துக்கடை ஞாபகம்.

மெழுகுதிரி மட்டும் கிட்டவும் கூடாது. காய்ந்த சவுக்கு குப்பென்று பற்றும்.

ஜனவரி முற்பகுதியில் வரும் மூவரசர் திருநாள் முடிந்ததும் கழற்றி, ஒரு முழத் துண்டுகளாக வெட்டி, மழை படாத தாழ்வாரத்தில் அடுக்குங்கள். சவுக்கு நல்ல விறகு. எங்கள் வீட்டுத் துண்டுகள் பக்கத்து வீட்டுப் பொங்கல் அடுப்புக்குப் போகும், பொங்கல் இங்கே வரும்.